பாங்கியின் பெயரால் பகற்கொள்ளை

முதலாளியிடம் கேட்டுக் கூலி வாங்குவது ஒரு பாடு. வாங்கிய கூலி கந்துவட்டிக்காரன் கையில் சிக்காமல் வீடு கொண்டு சேர்ப்பது இன்னொரு பாடு. இந்த இரண்டையும் தாண்டி மிஞ்சுகிற நாலு காசு பாங்கியில் கிடக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு போக இப்பொழுது மூன்றாவதாக ஒருவன் கிளம்பியிருக்கிறான். அவன் கத்தி காட்டுவதில்லை. கன்னம் வைப்பதில்லை. ராத்திரியில் ஓட்டைப் பிரிப்பதில்லை. நமது செல்போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறான். பாங்கியே அனுப்பியது போல அனுப்புகிறான்.

"தங்களுடைய கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது. இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் தங்கள் கணக்கு முடக்கப்படும். கீழே உள்ள லிங்க்கை அழுத்தவும்." விஷயம் இவ்வளவுதான். சில சமயம் கே.ஒய்.சி. என்பதற்குப் பதிலாக பான் கார்டு என்றிருக்கும். சில சமயம் ஆதார் என்றிருக்கும். பயமுறுத்தலுக்குப் பதிலாக ஆசை காட்டுகிற ரகமும் உண்டு: "தங்கள் கணக்கில் பரிசுப் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன, இன்றோடு காலாவதி, உடனே ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்று வரும். மின்சார இலாகாவின் பெயரால், "இன்று இரவு 9-30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று 2022-ல் ஊரெங்கும் வந்ததே, அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. 2024-ம் வருஷத்தில் இணையவழி மோசடிகளில் நமது நாட்டு ஜனங்கள் பறிகொடுத்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்காரே 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லியது. 2023-ல் இந்தத் தொகை 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! எல்லாவித மோசடியும் சேர்ந்த கணக்கு இது. பாங்கியின் பெயரால் வரும் மெசேஜ் அதற்குள் நுழையும் வாசல்களில் ஒன்று. கோடிக்கணக்கில் இழந்தவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒரு மாதச் சம்பளத்தை இழந்த நூற்பாலைத் தொழிலாளியைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அறுவடைக் கூலியைச் சேர்த்து வைத்து மகள் பிரசவத்துக்கு வைத்திருந்த ஐயாயிரம் ரூபாயை இழந்த நடவாள் போலீஸ் ஸ்டேஷன் படியே ஏறுவதில்லை. "போனது போகட்டும், வெளியே சொன்னால் மானம் போகும்" என்று வாயை மூடிக்கொள்கிறாள். திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஏமாந்தவன் முட்டாள் என்று சொல்கிற மேதாவிகள் நமது நாட்டில் நிறைய. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரிகளே இணையவழி மோசடிகளில் ஏமாந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, உழைப்பாளியைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

அது மட்டுமல்ல. இந்த மெசேஜை நமது ஜனங்கள் ஏன் நம்புகிறார்கள் என்று யோசித்தோமானால் குற்றத்தின் ஒரு பங்கு எங்கே போய் நிற்கிறது என்பது தெரியும்.

2014 ஆகஸ்ட் 28-ந் தேதி ஜன்தன் திட்டத்தைத் துவக்கினார்கள். பாங்கி வாசலையே மிதித்திராத ஏழைகளுக்குக் கோடிக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. நல்லது. அதற்குப் பிறகு காஸ் மானியம், ஆலைச் சம்பளம், நூறு நாள் வேலைக் கூலி, 2023 செப்டம்பரில் துவங்கிய மகளிர் உரிமைத் தொகை என்று ஒவ்வொன்றும் கைக்கு வராமல் கணக்குக்கு வரலாயிற்று. கணக்கு நின்றால் அடுப்பு நின்றது என்றாயிற்று. ஆதாரை இணைத்தால்தான் நூறு நாள் வேலைக் கூலி என்று 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது சர்க்கார். ஆதாரில் ஒரு எழுத்துப் பிசகினால் கூலி நின்றது, கே.ஒய்.சி. இல்லை என்று பாங்கிகள் நிஜமாகவே கணக்கை முடக்கியதும் உண்டு. சேற்றில் நின்ற காலைக் கழுவிக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்த அனுபவம் உள்ளவனுக்கு, "இன்றிரவு கணக்கு முடக்கம்" என்று மெசேஜ் வந்தால் அவன் நடுங்காமல் என்ன செய்வான்? அவன் பயம் மூடப் பயமல்ல. பாங்கியும் சர்க்காரும் கற்றுக்கொடுத்த பயம். திருடன் அந்தப் பயத்தை இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாங்கி அனுப்புகிற உண்மையான மெசேஜும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வருகிறது. திருடன் அனுப்புவதும் இங்கிலீஷ். இரண்டையும் வாசிக்கத் தெரியாதவன், "தம்பி, இதில் என்ன போட்டிருக்கு பார்" என்று பள்ளிக்கூடம் போகிற பையனிடம் போனை நீட்டுகிறான். பையன் லிங்க்கை அழுத்துகிறான். வாடிக்கையாளனின் பாஷையில் பேசாத பாங்கி, திருடனின் வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிறது.

சரி, விதி என்ன சொல்கிறது? நமது தோழர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கின் கே.ஒய்.சி. விவரங்களைப் பாங்கி அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மைதான். சாதாரணச் சிறு கணக்குகள் பெரும்பாலும் அபாயம் குறைந்த கணக்குகள் என்ற பிரிவில் வரும். அவற்றுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை. 2025 ஜூன் 12-ந் தேதி ரிசர்வ் பாங்கி பிறப்பித்த உத்தரவின்படி, கெடு தேதிக்கு முன்னால் பாங்கி குறைந்தது மூன்று முறை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாவது கடிதமாக, தபாலில் வர வேண்டும். கெடு தாண்டிய பிறகும் மூன்று முறை ஞாபகப்படுத்த வேண்டும். அதிலும் ஒன்று கடிதம். இந்த ஏற்பாட்டை 2026 ஜனவரி 1-க்குள் எல்லாப் பாங்கிகளும் செய்துவிட வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்லியது. விலாசம் முதலிய விவரங்கள் எதுவும் மாறவில்லை என்றால், மாறவில்லை என்று ஒரு உறுதிமொழி கொடுத்தால் போதும். அதை ஊருக்கு வருகிற பாங்கி ஏஜெண்டு மூலமாகவும் கொடுக்கலாம்.

ஆக, முன்னறிவிப்பு, கடிதம், ஞாபகமூட்டல் என்று மாதக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம் இது. ஒரு மெசேஜை அனுப்பிவிட்டு அன்று இரவே கணக்கை முடக்க எந்த பாங்கிக்கும் அதிகாரம் இல்லை. "இன்றே", "இப்பொழுதே", "இரண்டு மணி நேரத்துக்குள்" என்ற அவசரம் ஒரு மெசேஜில் இருந்தால் அந்த அவசரமே அது திருட்டு மெசேஜ் என்பதற்கு முதல் சாட்சி. யோசிக்க நேரம் கொடுத்தால் அவன் பிழைப்புப் போய்விடும்.

திருட்டு எப்படி நடக்கிறது

நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்த ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு மெசேஜ். தூக்கக் கலக்கம். லிங்க்கை அழுத்துகிறார். திறக்கும் பக்கத்தில் பாங்கியின் சின்னம், பாங்கியின் நிறம், எல்லாம் அச்சு அசல். கணக்கு எண்ணைக் கேட்கிறது, போடுகிறார். ஏ.டி.எம். கார்டின் எண்ணைக் கேட்கிறது, போடுகிறார். கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கத்தைக் கேட்கிறது, அதையும் போடுகிறார். அவர் இங்கே போடப் போட, எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடன் அந்த எண்களை எடுத்து உண்மையான இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறான். உடனே உண்மையான பாங்கியிலிருந்து ஒரு ஓ.டி.பி. வருகிறது. "இத்தனை ரூபாய் எடுப்பதற்கான எண், யாரிடமும் சொல்லாதீர்" என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கிறது, இங்கிலீஷில். அதை அவர் வாசிப்பதில்லை. எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்தில் போடுகிறார். பணம் போயிற்று.

ஓ.டி.பி. என்றால் என்ன? நமது ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால் அது கைநாட்டு. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, பிறகு தனக்கு வேண்டிய தொகையை எழுதிக்கொண்ட லேவாதேவிக்காரனை நமது தகப்பன்மார் நன்றாக அறிவார்கள். அதே வேலைதான் இது. கட்டை விரலில் மை தடவாமல் நடக்கிறது. ஓ.டி.பி.யைக் கேட்கிறவன் பாங்கி மானேஜர் என்று சொன்னாலும் சரி, போலீஸ் என்று சொன்னாலும் சரி, கைநாட்டுக் கேட்கிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாங்கிக்காரனுக்கு அந்த எண் தேவையே இல்லை. அதை அனுப்பியதே அவன் கம்ப்யூட்டர்தானே!

யு.பி.ஐ. பின் நம்பர் என்பதும் இப்படித்தான். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்க வேண்டாம். "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால் அவன் உங்கள் பணத்தை எடுக்கப் போகிறான்.

ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டாம் என்ற பிரசாரம் கொஞ்சம் பரவியதும் திருடன் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டான். வாட்ஸ்ஆப்பில் பாங்கியின் பெயரைப் போட்டு ஒரு பைல் அனுப்புகிறான். அதன் பெயர் ஏ.பி.கே. என்று முடியும். அதை அழுத்தி போனில் ஏற்றிக்கொண்டால், நமக்கு வரும் மெசேஜ்களை அது தானாகவே வாசித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். நாம் வாய் திறந்து ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணப் பத்திரிகை என்றும், டிராபிக் அபராதம் என்றும், விவசாயிகளுக்கான உதவித் தொகை என்றும்கூட இந்த பைல் பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது. பாங்கியின் ஆப் வேண்டுமென்றால் அதை பிளே ஸ்டோரிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் கிளையில் கேட்டுச் சரியான பெயரைத் தெரிந்துகொண்டு. வாட்ஸ்ஆப்பில் வருகிற பைலைப் பாங்கியின் ஆப் என்று நம்பி ஏற்றக்கூடாது.

இன்னொரு தினுசு: மெசேஜில் லிங்க் இருக்காது, ஒரு போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டால் தேனொழுகப் பேசுவான். "நானே சரி செய்து தருகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்பான். எனிடெஸ்க் போன்ற அந்த ஆப்பைப் போட்டால் நமது போன் திரையில் தெரிவதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும். 2019-லேயே ரிசர்வ் பாங்கி இது பற்றிப் பாங்கிகளை எச்சரித்தது. எச்சரிக்கை பாங்கிக்குப் போயிற்று. ஆலை கேட்டுக்கு வரவில்லை.

கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுகிற தோழர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ரூ. 5,000 வரவு வைக்கப்பட்டது" என்று பாங்கி அனுப்பியது போலவே ஒரு மெசேஜ் வரும். அடுத்த நிமிஷம் ஒரு போன்: "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பணம், தவறி உங்களுக்கு வந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்." இரக்கப்பட்டு அனுப்புகிறவர் தமது சொந்தப் பணத்தை அனுப்புகிறார். வரவே வரவில்லை, வந்தது மெசேஜ் மட்டும்தான். மெசேஜைப் பார்க்காதீர்கள், கணக்கில் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே தவறி வந்திருந்தால் அனுப்பியவன் தன் பாங்கியிடம் முறையிடட்டும்.

அடையாளம் கண்டுகொள்வது

பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து "உங்கள் பாங்கி" என்று மெசேஜ் வந்தால் அது பாங்கி அல்ல. பாங்கியின் மெசேஜுக்கு மேலே எண் இருக்காது; எழுத்துகள் இருக்கும். இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு பாங்கியின் சுருக்கப் பெயர். 2025-லிருந்து கடைசியில் இன்னொரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது: விளம்பரமானால் பி, சேவை என்றால் எஸ், பண வரவு செலவு என்றால் டி, சர்க்கார் அனுப்பினால் ஜி. ஆனால் எழுத்து இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. கம்பெனிகள் பதிவு செய்து வைத்திருக்கும் இந்தத் தலைப்புகள் துஷ்பிரயோகம் செய்யப்படுவதைத் தடுக்க வேண்டும் என்று டெலிபோன் கம்பெனிகளுக்கு டிராய் 2023 பிப்ரவரியில் உத்தரவு போட வேண்டி வந்தது. பூட்டு இருக்கிறது, கள்ளச் சாவியும் இருக்கிறது. ஆகவே மெசேஜ் யாரிடமிருந்து வந்தது என்பதைவிட அது நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்ப்பதே பத்திரம்.

லிங்க் பற்றியும் ஒரு விவரம். பாங்கிகளின் வலைத்தள முகவரிகள் எல்லாம் "பாங்க் டாட் இன்" என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2025-ல் உத்தரவிட்டு, அந்த வருஷம் அக்டோபர் 31-ந் தேதியைக் கெடுவாக வைத்தது. திருடன் பாங்கியின் பெயரை முன்னால் போடுவான், கே.ஒய்.சி. என்று நடுவில் போடுவான். முடிவில் வேறு ஏதாவது இருக்கும். படித்த பிள்ளைகள் இதைப் பார்த்துச் சொல்லலாம். இங்கிலீஷ் தெரியாத நமது தோழர்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடவே வேண்டாம். சந்தேகமாயிருந்தால் பாஸ் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள், அல்லது ஏ.டி.எம். கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கூகிளில் பாங்கியின் நம்பரைத் தேடாதீர்கள். அங்கேயும் தன் நம்பரைப் பாங்கியின் நம்பர் என்று போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் அவன்.

திருப்பூர், கோவை ஆலைகளில் நம்மோடு வேலை செய்கிற பீகார், ஒடிசா தொழிலாளிகளுக்கும் இதே மெசேஜ் வருகிறது. மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிற பணம் முழுவதும் அவர்கள் போனில்தான் இருக்கிறது. பாஷை தெரியாது என்று ஒதுங்காமல் அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டால்

இந்தத் தலையங்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்: 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். நாடு முழுவதற்கும் ஒரே எண்தான். பணம் போனது தெரிந்த அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும். சோறு தின்றுவிட்டு அல்ல, ஷிப்டு முடிந்து அல்ல.

ஏன் இந்த அவசரம்? நமது கணக்கிலிருந்து போன பணம் நேராகத் திருடன் மடிக்குப் போவதில்லை. முதலில் ஒரு கணக்கு, அங்கிருந்து நாலு கணக்கு, அங்கிருந்து பத்து என்று ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வரும். நோட்டாகும் முன்பு சொன்னால், அந்தப் பணம் எந்தப் பாங்கியில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. 1930-ன் வேலை அதுதான். கணக்கு எண், போன தொகை, நேரம், பணம் போனதாக வந்த மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண், இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள்; அவைதான் சாட்சி. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற சர்க்கார் தளத்திலும் புகார் பதியலாம்.

அடுத்த வேலை பாங்கிக்குச் சொல்வது. கார்டையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கிளைக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்க வேண்டும். இந்தச் சீல் பெரிய ஆயுதம். காரணம் சொல்கிறோம்.

2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதே வருஷம் டிசம்பரில் கூட்டுறவு பாங்கிகளுக்கும் அதே மாதிரி உத்தரவு போட்டது. பாங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது என்றது. பாங்கியின் குறையும் இல்லை, வாடிக்கையாளரின் குறையும் இல்லை, வேறு எங்கோ நடந்த கோளாறு என்றால், பாங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அப்பொழுதும் நஷ்டம் கிடையாது. நாலு முதல் ஏழு நாட்களுக்குள் சொன்னால், ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்காரருக்கு நஷ்டம் அதிகபட்சம் ரூ. 5,000. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை பாங்கியுடையது என்றும் அந்தச் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லியது. எத்தனை கிளைகளில் இதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னார்கள்? உங்கள் கிளையில் இன்று நடப்பில் உள்ள விதியை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், தமிழில்.

அதே சுற்றறிக்கையில் நமக்கு எதிரான ஒரு வாசகமும் இருந்தது. மறைக்காமல் சொல்கிறோம். ஓ.டி.பி., பின் நம்பர் போன்றவற்றை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டால் அது அவருடைய அலட்சியம். பாங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் அவருடைய நஷ்டம். சொன்ன பிறகு போகும் பணம் பாங்கியின் நஷ்டம். சீலும் நேரமும் முக்கியம் என்று சொன்னது இதனால்தான். ஆனால் அந்த "அலட்சியம்" என்ற வார்த்தையை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பாங்கியின் சின்னத்தைக் காட்டி, பாங்கியின் பெயரைச் சொல்லி, பாங்கி வழக்கமாக மிரட்டுகிற அதே பாணியில் மிரட்டி ஒருவன் வாங்கிக்கொண்டு போனதைக் கொடுத்தவனின் அலட்சியம் என்பது என்ன நியாயம்? அலட்சியம் வேறு, வஞ்சிக்கப்படுவது வேறு.

போலீஸ் புகாரையும் விடக்கூடாது. கம்ப்யூட்டர், போன் மூலமாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின் கீழ் மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாங்கி 30 நாளில் சரியான பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, ஆம்பட்ஸ்மன் என்று அவருக்குப் பெயர், முறையிடலாம். கட்டணம் கிடையாது. சண்டீகரில் உள்ள ரிசர்வ் பாங்கி ஆபீசுக்குத் தபாலில் எந்த பாஷையிலும் எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பணத்தைப் பறிகொடுத்தவரைத் தேடி இரண்டாவது திருடன் வருவதும் உண்டு. "நான் சைபர் போலீஸ், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், இரண்டாயிரம் கட்டணம் அனுப்புங்கள்" என்பான். போலீஸ் மீட்டுக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

கணக்கை வாடகைக்குக் கேட்கிறவன்

பணம் பல கணக்குகளில் ஓடுகிறது என்றோமே, அந்தக் கணக்குகள் யாருடையவை? பல சமயம் நம்மைப் போன்ற ஏழைகளுடையவைதான். ஊரில் ஒருவன் வருவான். "உன் பாஸ் புஸ்தகம், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு மூன்றையும் கொடு; மாதம் இவ்வளவு தருகிறேன்; வேறு ஒன்றும் நீ செய்ய வேண்டாம்" என்பான். வேலையில்லாத வாலிபனுக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். பிறகு எங்கோ வடக்கேயிருந்து ஒரு போலீஸ்காரர் அவனைத் தேடிக்கொண்டு வருவார். திருடன் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இவன் பெயரும் போட்டோவும் இருக்கும். கணக்கு முடங்கும், அதில் வருகிற கூலியும் முடங்கும், வழக்கு வேறு. கணக்கையும் சிம் கார்டையும் யாருக்கும், சொந்தக்காரனுக்கும்கூட, இரவல் கொடுக்கக்கூடாது.

இந்தத் தொழிலின் அடிமட்டத்தில் உட்கார்ந்து மெசேஜ் அடிக்கிறவர்களின் கதையும் ஒரே மாதிரி இல்லை. ஜார்க்கண்டின் ஜாம்தாரா இதற்குப் பேர்போன இடமாயிற்று. அதைப் போலவே மியான்மரின் மியாவதிப் பக்கத்தில் முள்வேலி போட்ட முகாம்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜெண்டுகள் கூட்டிப்போன நமது வாலிபர்களை அங்கே அடைத்து வைத்து, அடித்து, இணையவழி மோசடி வேலை வாங்கினார்கள். 2022 அக்டோபரில் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் திருப்பிக் கொண்டுவந்தன. அயல்நாட்டில் கம்ப்யூட்டர் வேலை, சம்பளம் அள்ளித் தருகிறார்கள் என்று உங்கள் ஊர்ப் பையனை யாராவது கூப்பிட்டால் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன்பு விசாரியுங்கள்.

பாங்கிகளிடம் நாம் கேட்பது அதிகமில்லை. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து நிதியாண்டுகளில், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பொதுத்துறை பாங்கிகள் ஜனங்களிடம் பிடித்த தண்டம் சுமார் 8,500 கோடி ரூபாய். சர்க்கார் 2024-ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. கண்டனம் வலுத்த பிறகு 2025-ல் பல பொதுத்துறை பாங்கிகள் அந்தத் தண்டத்தைக் கைவிட்டன. மெசேஜ் அனுப்புவதற்கென்று கணக்கில் காசு பிடிக்கிற பாங்கிகளும் இருக்கின்றன. காசு பிடித்துக்கொண்டு அனுப்புகிற மெசேஜை வாடிக்கையாளருக்குப் புரிகிற பாஷையில் அனுப்பினால் என்ன குடிமுழுகிப் போகும்? "இது உங்கள் கணக்கிலிருந்து ரூ. 9,500 எடுப்பதற்கான எண். யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால் எத்தனை வீட்டில் பணம் தப்பியிருக்கும்! கே.ஒய்.சி. கடிதமும் தமிழில் வர வேண்டும். மோசடிப் புகாரோடு வருகிறவரை வரிசையில் நிற்க வைக்காமல் கவனிக்கக் கிளையில் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வாங்கியதற்குச் சீல் போட மறுக்கக்கூடாது.

சங்கக் கிளைகள் இந்த மாதச் சம்பள நாளுக்கு முன்னால் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஆலை கேட், டீக்கடை, ரேஷன் கடை, களத்துமேடு எங்கும் ஒட்ட வேண்டும். மெசேஜ் வந்தவர்கள் அதை அழிக்காமல் கிளைத் தோழரிடம் காட்ட, அதே ரகம் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று அன்றைக்கே விசாரித்துச் சொல்லிவிடலாம். சந்தேக மெசேஜ்களைச் சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கவும் வசதி இருக்கிறது; படித்த வாலிபர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். பணம் இழந்தவர் பாங்கிக்குப் போகும்போது தனியாகப் போக விடாதீர்கள். இரண்டு தோழர்கள் கூடப் போங்கள். தமிழில் மெசேஜ், தமிழில் கடிதம் என்ற கோரிக்கை மனுவில் அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மானேஜரிடம் கொடுத்து, அதன் நகலிலும் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.